வாலுக்குக் கிடைத்தது

ஸ்ட்ரெச்சரை வாசலில் திருப்பியபோதும் பூனை அவர் மார்பைவிட்டு இறங்கவில்லை. நகங்களைச் சட்டையில் மாட்டிக்கொண்டு அப்படியே ஒட்டிக்கிடந்தது. தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு வந்திருந்த ஆம்புலன்ஸ் ஆட்கள் பாரத்தோடு நின்றார்கள்.

"யாராவது இதை எடுங்கம்மா" என்றான் முன்னால் நின்றவன்.

டைலரம்மா ஓரடி எடுத்துவைத்தாள். அவள் கணவர் படுத்தபடியே கையைக் காட்டித் தடுத்தார். மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு நகமாகத் தானே கழற்றி, பூனையைக் கீழே விட்டார். பிறகுதான் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வாலு நேத்துலேர்ந்து தும்முது. டாக்டர்கிட்ட காட்டிடு."

அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று அவள் தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றாள், வண்டியிலிருந்து வார்த்தை வருமா என்ன.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் வால் நசுங்கிக் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வாலே இல்லாததற்கு வாலு என்று பெயர் வைத்துத் தானே சிரித்துக்கொண்டார். வீட்டில் அவர் சிரித்துப் பார்ப்பது அபூர்வம். சாப்பிட்டீங்களா என்றால் "ம்", தூங்கலையா என்றால் "ம்". சிலருக்கு உயரம் குறைவு, இவருக்குப் பேச்சு குறைவு என்று அவளும் முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டாள்.

கொரோனாக் காய்ச்சல் வந்ததும் அவர் உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். "உனக்கு இழுப்பு இருக்கு, கிட்ட வராதே" என்றார். அது நியாயம்தான். ஆனால் கதவு மூடுவதற்குள் பூனை உள்ளே நுழைந்துகொண்டது. அதை அவர் வெளியே விடவில்லை.

அவள் தட்டைக் கதவடியில் வைத்து, தட்டிவிட்டு, விலகி வருவாள். அப்படி விலகும்போதுதான் உள்ளே பேச்சுக் கேட்டது. ஃபோனாக்கும் என்று நினைத்தாள். இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிஃப்டின் கூரைமேல் இருட்டில் மாட்டிக்கொண்டதை, பயத்தில் கால்சட்டை நனைந்துபோனதை, அன்று தொடங்கிய கால் நடுக்கம் கடைசிவரை போகவே இல்லை என்பதை, அவர் பூனையிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் சிரிப்பு வேறு. கிரீஸ் படிந்த அந்தக் கால்சட்டைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டவள் அவள். அந்தக் கால் நடுங்கியது அவளுக்குத் தெரியாது.

அதன்பிறகு தட்டை வைத்துவிட்டு அவள் உடனே விலகுவதில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. ஒரு மத்தியானம் தாங்கமுடியவில்லை.

"இதெல்லாம் என்கிட்ட ஒரு தடவைகூட சொன்னதில்லையே?"

"உன்கிட்ட சொன்னா பயப்படுவ. அது பயப்படாது."

"பயந்தா பயந்துட்டுப் போறேன்."

பதிலுக்கு இருமல்தான் வந்தது.

ஆம்புலன்ஸ் போன அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அடக்கத்துக்கு அவளையும் கொழுந்தனையும் மட்டும் தள்ளி நின்று பார்க்கவிட்டார்கள். ஜிப் போட்ட பையை இறக்கினார்கள். தலை எந்தப் பக்கம் என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது கொழுந்தன், "அண்ணி, முதல்ல அந்தப் பூனையை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க. அதுக்கும் தொத்துமாமே" என்றான். அவளுக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். இத்தனை வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்தும் தன்மேல் அவரிடமிருந்து எதுவுமே ஒட்டவில்லையா என்றிருந்தது அவளுக்கு.

பூனையை அவள் விடவில்லை. கூடையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். அந்த டாக்டர் பெண் பூனையின் மூக்கில் குச்சிவிட்டுச் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் அவளே ஃபோனில் கூப்பிட்டாள்.

"பாசிட்டிவ்தாம்மா. பயப்படாதீங்க, பூனைங்களுக்குப் பெரும்பாலும் லேசாத்தான் வரும். உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து வந்திருக்கும். ரொம்ப நெருக்கமா இருந்தாங்களா?"

"ஆமா" என்றாள் டைலரம்மா. "ஒரே படுக்கை."

வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது அவள் குரல். தனி அறையில் வையுங்கள், முகக்கவசம் இல்லாமல் கிட்டே போகாதீர்கள், இழுப்பு இருக்கிறதென்றால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றெல்லாம் அந்த டாக்டர் சொன்னாள்.

மறுபடியும் அதே கதவுக்குள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வந்தாள். மறுபடியும் உள்ளே தும்மல். காலையில் பார்த்தால் பால் அப்படியே ஆடைகட்டி இருந்தது. கிடக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு சின்னத் திருப்தி எழுந்தது. மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. எழுந்துபோய்ப் பாலைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு, அவர் போனபிறகு முதல்முறையாக உள்ளே நுழைந்தாள்.

பூனை தலையணையின் நடுப்பள்ளத்தில் சுருண்டிருந்தது. கண்ணில் நீர் வடிந்து காய்ந்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து விரலைப் பாலில் நனைத்து நீட்டினாள். அது முகர்ந்து பார்த்தது. பிறகு சொரசொரப்பான நாக்கால் நக்கியது. கிண்ணம் பாதி காலியாகும்வரை அவள் நனைத்து நனைத்துக் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டல்ல?" என்றாள். "வேற என்னதான் சொன்னாரு?"

பூனை ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

முகக்கவசம் காதை அறுத்தது. அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டாள்.

"கொஞ்சம் தள்ளு."

அது தள்ளவில்லை. மிச்சமிருந்த தலையணை ஓரத்தில் தலையை வைத்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த சுவரின் பக்கமாக அவள் திரும்பிப் படுத்தாள்.