ஐந்து சுரமும் மூன்று கட்டையும்

தை மாதம் இருபதாம் தேதி திருவரங்குளத்துக் கல்யாணத்தில் சேவுகன் ஒழுங்காக ஊதிவிட்டால் வீரய்யா பேண்டு செட்டில் அவனுக்கு நிரந்தரமாக இடம். ஊதத் தவறினால் மாதக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேற வேண்டியதுதான். ஷேக் தாவூது ராவுத்தர் பினாங்கில் இருக்கும் தம்பி கடைக்கு ஆள் கேட்டிருந்தார். தங்கமான மனிதர், ஆகாத இடத்துக்கு அனுப்ப மாட்டார். ஆனால் அவன் மனைவி செவந்தி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கப்பலேறினால் பிள்ளை ஓடியாடும் வயதில்தான் அதன் முகத்தைப் பார்க்கலாம். இதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. தெரிந்ததைச் சொல்வானேன்.

சேவுகன் புதுக்கோட்டை சமஸ்தானப் பட்டாளத்தில் எட்டு வருஷம் பியூகிள் ஊதியவன். போன வருஷம், 1948-ல், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு பட்டாளத்தைக் கலைத்தார்கள். பியூகிளை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

பேண்டு மாஸ்டர் வீரய்யா அவனைவிட நாலு வயது இளையவன். ஊதத் தெரிந்தவன்தானே என்று கார்னெட்டைக் கையில் கொடுத்தான். பியூகிள் என்பது மடக்கி வைத்த ஒரே குழாய், அவ்வளவுதான். அமுக்க ஒன்றும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஐந்து சுரம் எடுக்கலாம். பட்டாளத்தை எழுப்பவும் சோற்றுக்குக் கூப்பிடவும் அந்த ஐந்தே போதும். கல்யாண மெட்டுக்குப் போதாது. கார்னெட்டில் மூன்று கட்டைகள் உண்டு. விரலால் அமுக்கினால் கட்டை உள்ளே இறங்கும், விட்டால் ஸ்பிரிங் தள்ளி மேலே வரும். அதனால்தான் எந்த மெட்டும் அதில் பேசும்.

சேவுகனிடம் மட்டும் அது பேசவில்லை. எந்தச் சுரத்துக்கு எந்தக் கட்டை என்று வாய்ப்பாடு மாதிரி ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தான். விரல் தாளைக் கேட்டது, உதடு பழைய பட்டாளத்தைக் கேட்டது. போதாக்குறைக்கு, ஊத ஆரம்பித்ததும் இடது கை தானாக இடுப்புக்குப் போய்விடும். பியூகிள்காரன் நிற்கிற நிலை அது. "என்னண்ணே, மகாராசா வாராரா?" என்று வீரய்யா கேட்பான். செட்டே சிரிக்கும். சேவுகனும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், அவன் தூங்கும்போது செவந்தி கார்னெட்டை எடுத்துப் பார்த்தாள். கட்டைகள் காய்ந்துபோய் டொக்கு டொக்கென்று சத்தம் போட்டன. பாவம், இதனால்தான் இவருக்கு வரவில்லை என்று நினைத்தாள். தலைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெயை ஒவ்வொரு கட்டையிலும் தாராளமாக விட்டு, நன்றாக அமுக்கி அமுக்கிப் பழக்கிவைத்தாள். அவன் எழுந்து ஊதியபோது கட்டைகள் வழுக்கிக்கொண்டு போயின. "எண்ணெ போட்டேங்க" என்றாள். பியூகிளுக்கு யாரும் எண்ணெய் போட்டதில்லை. அவனுக்கு என்ன தெரியும்? நல்லதாயிற்று என்றான்.

தை மாதத்து விடியலில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்பது தலைவாரிக்கொள்கிற எல்லோருக்கும் தெரியும். திருவரங்குளத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் புறப்படும் நேரம், சேவுகன் கார்னெட்டை எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாமென்று அமுக்கினான். நடுக்கட்டை இறங்கியது. மேலே வரவில்லை. மற்ற இரண்டும் விளக்கெண்ணெயில் விழுந்த எறும்பு மாதிரி நகர்ந்தன.

ஊதிப் பார்த்தான். சுருதி அரைப்படி இறங்கி, கிளாரினெட்டோடு ஒட்டாமல் பிசிறியது. வீரய்யா திரும்பிப் பார்த்தான். கல்யாண வீட்டார் எதிரில் சத்தம் போட முடியாது. பின்னால் போய் நில்லுங்க, ஊதுற மாதிரி வாயை மட்டும் வச்சுக்கங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஊர்வலத்தை நடத்திக்கொண்டு போனான்.

சேவுகன் பின்னால் போய் நிற்கவில்லை. பந்தலுக்குப் பின்புறம் சமையல் அடுப்புகள் எரியும் இடத்துக்குப் போனான். இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் கார்னெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மனசுக்குள் கப்பல் சங்கு ஊதியது.

சும்மா இருக்க முடியாமல் அடங்கின மூச்சில் ஊதினான். நடுக்கட்டை இறங்கியே கிடந்தது. ஐந்து சுரம் வந்தது. அவனுடைய அதே ஐந்து சுரம், எல்லாம் அரைப்படி கீழே. முதல் கட்டையையும் பிடித்து அழுத்தி ஊதினான். மறுபடியும் அதே ஐந்து, இன்னும் கீழே. உதடு செய்ததில் ஒரு மாற்றமும் இல்லை.

கார்னெட்டைத் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு சின்னக் குழாய் வளைந்திருந்தது. கட்டை இறங்கினால் மூச்சு அதையும் சுற்றிக்கொண்டு வருகிறது. குழாய் நீளுகிறது, அவ்வளவுதான். அப்படியானால் இது வேறு வாத்தியமே இல்லை. நீளம் குறைந்ததும் கூடினதுமாகப் பல பியூகிள்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் பியூகிள் என்று விரல் சொல்லட்டும், உதடு தன் வேலையைப் பார்க்கட்டும். ஒரு மாதமாக உதட்டையும் விரலையும் மல்லுக்கட்ட விட்டிருந்தான்.

அனல் பட்டு எண்ணெய் இளகியது. நடுக்கட்டை டக்கென்று மேலே வந்தது. சமையல்காரர், "வாத்தியத்தையும் அவிச்சாச்சா?" என்று கேட்டு முடிப்பதற்குள் சேவுகன் ஓடினான்.

கோயில் தெருத் திருப்பத்தில் செட்டைப் பிடித்தான். கிளாரினெட் மெட்டின் இரண்டாவது அடியில் இருந்தது. நடந்துகொண்டே நுழைந்தான். இடது கை இடுப்புக்குப் போகவில்லை, கார்னெட்டைப் பிடித்திருந்தது. வீரய்யா திரும்பவில்லை. கிளாரினெட்டை நிறுத்தச் சொல்லிக் கையால் காட்டி, அடுத்த அடியை அவனுக்குத் தனியாக விட்டான். சேவுகன் அதை முழுக்க ஊதினான். ஓரிடத்தில் பிசகியது. அடுத்த சுற்றில் அதுவும் சரியாயிற்று.

சாப்பாட்டுப் பந்தியில் வீரய்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கார்னெட்டை மோந்து பார்த்தான். "தலைக்குத் தேய்க்கிறதக் கட்டைக்குத் தேய்ச்சது யாருண்ணே?"

"நாந்தான் மாஸ்டர், தெரியாமச் செஞ்சுட்டேன்."

"ஞாயித்துக்கெழம ஆவூர்ல கல்யாணம். வண்டி அஞ்சு மணிக்கு" என்று சொல்லிவிட்டு வீரய்யா தன் இலையிலிருந்த அதிரசத்தை எடுத்து அவன் இலையில் வைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது செவந்தி வாசலிலேயே நின்றாள். கார்னெட்டைத்தான் பார்த்தாள்.

"எண்ணெ சரியா இருந்துச்சுங்களா?"

சேவுகன் யோசித்தான். பொய் சொல்ல அவசியமே இல்லை என்று பட்டது.

"அந்த எண்ணெ இல்லாட்டி எனக்கு எடம் கெடச்சிருக்காது செவந்தி."

செவந்தி கார்னெட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, இருட்டுவதற்குள் ராவுத்தரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாங்க, அவர் வேறு ஆள் தேட வேண்டாமா என்று விரட்டினாள்.

அவன் தெருமுனை போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் அங்கேயே நின்று, போங்க போங்க என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.