நவரட்ணம் வீட்டுக் கூறைச்சேலை

ஜெயமலர் தன் கணவர் நவரட்ணத்தை விட்டுப் போன பிறகு, அவளுடைய கல்யாணக் கூறைச்சேலை மூன்று வருடமும் எட்டு மாதமும் அவருக்குச் சமைத்துப் போட்டது. ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிப் பக்கம் நிற்கும் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இது நடந்தது. சேலை குங்குமச் சிவப்பு, இரண்டு விரல் சரிகைக் கரை. உள்ளே ஆள் இல்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. சோறு குழையாது, சொதி திரையாது. எதிர்வீட்டு இராஜேஸ்வரி அன்ரி குப்பை போடப் போகும்போது அடிக்கடி அதைக் கண்டிருக்கிறார். முகம் இல்லையே என்று அவர் கவலைப்படவில்லை. "அந்தப் பிள்ளை முந்தியை விட இப்ப நல்ல அடக்கம்" என்றுதான் கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

தொடக்கம் ஒரு நாடகம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மகேஸ்வரன் மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர், புலம்பெயர்ந்து இங்கே வந்து நாடகப் பைத்தியமானவர், நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய நாடகம் ஒன்றைத் தமிழாக்கி ஸ்காபரோவில் ஒரு பள்ளி மண்டபத்தில் மேடையேற்றினார். கதை சின்னது. ஒரு நீதிபதியின் மனைவி பூட்டிக் கிடக்கும் தன் சொந்தப் பெட்டியின் திறப்பை மூன்று அங்கமும் கணவனிடம் கேட்கிறாள். அவன் நாளைக்கு என்கிறான். கடைசியில் பெட்டியை விட்டுவிட்டு, "நான் போறன்" என்று சொல்லி வெளியே போகிறாள். மனைவியாக நடிக்கப் பெண் கிடைக்காமல் மாஸ்டர் ஜெயமலரைக் கேட்டார். அவள் நவரட்ணத்திடம் கேட்டாள். அவர் "ம்" என்றார். உடுப்புக்குக் குழுவிடம் வழியில்லாததால் நீதிபதியின் மனைவி ஜெயமலரின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டாள்.

முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி வசனத்தில் ஜெயமலர் வாசலில் நின்று, கணவனைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றாள். முந்நூறு சனமும் கொல்லென்று சிரித்தது. நம்மவர் வாயில் 'போறன்' எப்படி வரும்? செத்தவீட்டுக்குக்கூட போட்டு வாறன், அதாவது போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்றுதானே புறப்படுகிறோம். தவறிப் 'போறன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் பாய்ந்து திருத்துவார்கள். மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தி சொல்லிப்போட்டுப் போட்டாள். உமக்கு என்ன வில்லங்கம்? அடுத்த முறைக்குச் சொல்லிப் பழகும்" என்றார்.

நவரட்ணம் மண்டபத்துக்குள் வரவில்லை. காரில் இருந்து றேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்து ஏறியதும், "முடிஞ்சுதே?" என்று கேட்டார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் என் வாய் புழுக்கும். அடித்ததில்லை, குடித்ததில்லை. பதினொரு வருடத்தில் அவள் வெளிக்கிடும்போது ஒருமுறைகூட 'போட்டு வா' என்று பதில் சொன்னதும் இல்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பதில் சொல்ல வேறு ஆளும் இல்லை. அவள் போட்டு வாறன் என்று சொல்வாள், அது முன்னறை ஹோலில் கொஞ்சம் நின்றுவிட்டுத் தானாகவே மறைந்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஜெயமலர் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் சோறு கொதிக்கக் கொதிக்க வசனம் பழகினாள். முதல் தடவை பழக்கத்தில் 'போட்டு வாறன்' என்றே வந்தது. இரண்டாம் தடவை பாதி வந்தது. மூன்றாம் தடவை சரியாக, தெளிவாக, ஹோலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அப்படிச் சொல்லாதை என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் உண்மையாகவே எதிர்பார்த்தாள். பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது.

"ம்" என்றார் நவரட்ணம்.

விடை கிடைத்துவிட்டது. அவள் சேலையை அவிழ்த்துக் கதிரையில் போட்டாள், காற்சட்டையும் ஜக்கெற்றும் மாட்டிக்கொண்டாள், ஒரு பையுடன் வெளியே போனாள். எலிவேற்றர் வந்து கதவு திறக்கும் நேரத்தில் சேலை கதிரையிலிருந்து எழும்பிச் சோற்றை இறக்கி வடித்தது.

அவள் பிறம்ரன் நகரில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ரில் அறை எடுத்தாள். வெயார்ஹவுஸ் ஒன்றில் பெட்டிகளுக்கு ரேப் ஒட்டும் வேலை. இரண்டாம் முறை நாடகத்தை வேறு சேலையில் நடித்தாள். 'போறன்' என்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு மெசேஜ் வாங்கும் மெசின் ஒன்று வாங்கி, போன் நம்பரை ஊருலகத்துக்கெல்லாம் கொடுத்தாள். அவர் தேடுவார், கோபத்தில் ஏசுவார், குறைந்தபட்சம் உப்புப் போத்தல் எங்கே என்றாவது கேட்பார் என்று நினைத்தாள். மெசினின் சிவப்பு விளக்கு நாலு மாரிகாலம் மினுங்கவில்லை. புருசனை விட்டுவிட்டு வந்தவள் என்று அவள் தன்னைப்பற்றி நினைத்திருந்தாள். ஆனால் விடப்பட்டவருக்கு அது தெரியாதென்றால் வந்தது என்ன கணக்கு? தனிமையில் இப்படியும் ஒரு தினுசு இருக்கிறது, அதற்கு ஆறுதல் சொல்ல ஒருவராலும் முடியாது.

தொண்ணூற்றேழு வைகாசியில் அவளே போன் எடுத்தாள். மற்றப் பக்கம் யாரோ எடுத்தார்கள், பேசவில்லை. பட்டு சரசரத்தது. தூரத்தில் ஏதோ பொரிந்தது.

"இஞ்சாரும், ஆரப்பா போனிலை?" என்று, பதினொரு வருடம் அவளைக் கூப்பிட்ட அதே மாதிரி, நவரட்ணத்தின் குரல் கேட்டது.

அவரிடம் நேரில் சொல்லாமல் இது முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. ஆனியில் ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று பஸ் மாறிப் போனாள். கதவைத் திறந்தது சேலை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதலாம், சேலைக்குக் கண் இல்லை என்பதைத் தவிர. ஜெயமலர் இப்போது கட்டையாக வெட்டிய முடியும் கண்ணாடியுமாக இருந்தாள். நவரட்ணம் சோபாவிலிருந்து நிமிர்ந்து, மனைவியைத் தேடி வந்த சிநேகிதி என்று நினைத்து, "வாங்கோ தங்கச்சி, இருங்கோ" என்றார். "இஞ்சாரும், தேத்தண்ணி கொண்டாரும்" என்று அடுப்படிப் பக்கம் சொன்னார். பழக்கதோசத்தில் ஜெயமலர் பாதி எழும்பிவிட்டாள்.

தேநீர் வந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, அவள் வைப்பது போலவே இருந்தது. அந்த வீட்டில் வேறு கை வைத்த தேநீரை அவள் குடித்தது அன்றுதான். நவரட்ணம் பேசினார், அவள் கேட்டிராத அளவுக்குப் பேசினார். வேலையிடத்தில் முழங்கால் நோவு, கட்டடத்தில் எலிவேற்றர் பழுது, ஒருவரும் வந்து போவதில்லை. "அவவும் இப்ப கதை குறைவு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என்ன கோவமோ தெரியாது." சொல்ல வந்ததைச் சொல்ல அவளுக்கு மூன்று முறை வாய் திறந்தது. மூன்று முறையும் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். கதவடியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "நான் போறன்" என்றாள்.

நவரட்ணம் பதறிப்போய் எழும்பி வந்தார். "என்ன தங்கச்சி, போறன் எண்டு சொல்லப்படாது. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

பதினொரு வருடம் அவள் காத்திருந்த வசனம். விலாசம் மாறி ஓர் அந்நியப் பெண்ணுக்கு வந்து சேர்ந்தது. ஜெயமலர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சேலையின் தோளில் ஊசி கழன்றிருந்ததைக் கண்டு, கிட்டப் போய், மடிப்பை எடுத்துக் குத்திவிட்டாள்.

"இல்லை," என்று அவரிடம் சொன்னாள். "நான் போறன்."

அன்றிரவு புட்டு. நவரட்ணம் ரீவியை நிற்பாட்டிவிட்டுச் சாப்பிட்டார். காலையில் சேலை அடுப்படிக் கதிரையில் நான்காக மடிந்து கிடந்தது. அவர் பத்து மணிவரை தேநீருக்குக் காத்திருந்தார், பிறகு தானே எழும்பித் தண்ணீர் கொதிக்க வைத்தார். குப்பை கொண்டுபோனபோது இராஜேஸ்வரி அன்ரி எதிர்ப்பட்டார். இந்த மனிதர் கையில் குப்பைப் பையை அவர் கண்டது அதுதான் முதல் தடவை.

"எங்கை தம்பி, அவ சுகமில்லையோ?"

"அவ போட்டா, அன்ரி."

"ஐயோ, எப்ப?"

"நேற்றுப் பின்னேரம்" என்றார் நவரட்ணம். "சொல்லிப்போட்டுத்தான் போனவ."

இராஜேஸ்வரி அன்ரி அதை அப்படியே மற்றவர்களுக்குச் சொன்னார், கட்டடத்தின் கணக்கில் ஜெயமலர் போனது இன்றைக்கும் அந்தத் தேதியில்தான். நவரட்ணம் வேலைக்கு வெளிக்கிடும்போது கதிரையைப் பார்த்து, "போட்டு வாறன்" என்பார். கொஞ்சம் நின்று பார்ப்பார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்.