பெரீன் சொன்ன "நீங்க"

பிரான்சில் புரட்சி வந்து மன்னரின் தலையை வெட்டிய அதே ஆண்டு, குளிர் தொடங்கும் நேரத்தில், பாரிசிலிருந்து அந்தச் சிற்றூருக்கும் செய்தி வந்தது. இனி துரையும் இல்லை, 'மதாம்' என்கிற சீமாட்டியும் இல்லை, எல்லோரும் குடிமக்கள். ஒருவரை ஒருவர் "நீ" என்றுதான் சொல்ல வேண்டும். "நீங்கள்" என்பவன் மன்னர் பக்கத்து ஆள், புரட்சிக்கு எதிரி.

மதாம் லாவெர்ன் வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமைத்துவந்த பெரீனுக்கு அது வாயில் நுழையவில்லை. சந்தையில் எப்படியோ சமாளித்தாள். வீட்டுக்குள் பழைய பேச்சுதான். பக்கத்து வீட்டுக்காரன் அதைக் கேட்டு, புரட்சி அரசின் எதிரிகளைத் தேடும் ஊர்க் கண்காணிப்புக் குழுவுக்கு எழுதிப் போட்டான். மதாமின் மகன் புரட்சிக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடியவன் வேறு; அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே சந்தேகம். இருவரையும் வரச்சொல்லி ஆள் வந்தது.

முந்தின நாள் முழுக்க அடுப்படியில் மதாம் அவளைப் பழக்கினாள்.

"சொல்லு. 'லாவெர்ன், நீ சூப் குடிச்சியா?'"

"வாய் கூசுது மதாம்."

"கூசினா என் தலை போயிரும்டி. சொல்லு."

பெரீன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பத்தாவது தடவை இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

குழு கூடியது தேவாலயத்தில். பலிபீடம் இருந்த இடத்தில் மேசை போட்டு, கூரைக்கு ஓடு வேய்கிற கஸ்பார் உட்கார்ந்திருந்தான். கெட்டவன் அல்ல. பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவன். இந்தப் புதுக் காலத்தை உயிராக நம்பினான்.

"குடிமகள் பெரீன், இவளை எப்படிக் கூப்பிடுறே?"

"லாவெர்ன்னுதான். வேணும்னா நீயே அவளைக் கேளு."

"அதட்டி வேலை வாங்குறாளா?"

"இவளா? கோழிகூட இவ பேச்சைக் கேக்காது."

கூட்டம் சிரித்தது. கஸ்பாரும் சிரித்துவிட்டு, போகலாம் என்று கையசைத்தான்.

மதாம் திரும்பினாள். அவளுக்குக் கண் மங்கல். காலடியில் படி இருந்தது தெரியவில்லை.

"மதாம், படி! பாத்து வாங்க!"

பெரீனின் குரல் கூரைவரை போய் எதிரொலித்தது. சிரிப்பு அடங்கியது. கஸ்பார் மறுபடி பேனாவை எடுத்தான்.

"என் வாய்தானே தப்பு பண்ணுச்சு, என்னைப் பிடிச்சுப் போடு!" என்று கத்தினாள் பெரீன்.

"உன்னை இப்படிப் பழக்கினது அவ. நீ வீட்டுக்குப் போ."

பழைய கன்னியர் மடம்தான் இப்போது சிறை; மதாமை அங்கே அடைத்தார்கள். பெரீன் நாள்தோறும் வாசலில் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே யார் குடித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. விசாரணைக்குப் பாரிஸ் அனுப்புமுன்பே, கடும்பனியில் மதாம் காய்ச்சலில் செத்துப்போனாள். புதைத்த இடத்தைக்கூட யாரும் காட்டவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஊரில் பழைய மரியாதையெல்லாம் சத்தமில்லாமல் திரும்பிவந்தது. யாரும் தடுக்கவில்லை. பெரீன் ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். "சாப்பாடு ஆச்சு", "கதவு திறந்திருக்கு" என்பாள். அந்த வீட்டில் யாரையும் அவள் "நீ" என்றும் சொல்லவில்லை, "நீங்க" என்றும் சொல்லவில்லை.