எபி பேசிய சாயங்காலம்

எபிக்கு நான்கு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அது எண்பத்தேழாம் வருஷம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் அவன் அப்பா துரையும் அம்மா ஞானஜோதியும் குடியிருந்தார்கள். துரைக்குத் தாம்பரத்தில் ரயில்வே வேலை. ஞானஜோதி வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள்.

காதைச் சோதித்த டாக்டர், "நல்லா கேக்குதும்மா. சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். சொல்லு சொல்லுன்னு தொந்தரவு பண்ணாம இருங்க, போதும்" என்றார்.

அதைத்தான் ஞானஜோதியால் செய்ய முடியவில்லை. வசம்பு உரைத்து நாக்கில் தடவினாள். வெள்ளிதோறும் உபவாசம் இருந்தாள். குரோம்பேட்டையில் ஒருவர் ஜெபித்தால் பேச்சு வரும் என்றால் அங்கே, பெருங்களத்தூரில் இன்னொருவர் என்றால் அங்கே. போன இடமெல்லாம் யார் யாரோ எபியின் வாயைத் திறந்து எண்ணெய் தடவி, தலையை அழுத்திப் பிடித்துக் கத்தினார்கள். வீட்டிலும் விடமாட்டாள். பிஸ்கட்டை உயரத் தூக்கி, "அம்மா சொல்லு, தர்றேன்" என்பாள். பையன் அவள் உதடுகளையே பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிடும்.

துரை வேலை முடிந்து வந்ததும் பையனோடு கொல்லைப்புறம் போய் உட்காருவான். இரண்டு பேரும் பேசாமல் கிணற்றையும் கொய்யா மரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஆண்டவர்கிட்ட கேட்டாச்சு இல்ல, ஜோதி? அவுரு காதுல வுழுந்திருக்கும். கொஞ்சம் சும்மா இரேன்."

"நீங்க உக்காந்துகினே இருங்க. பெத்தவளுக்குத்தான் வயிறு எரியும்."

அந்த ஐப்பசியில் கூடுவாஞ்சேரியில் பெரிய ஜெபக்கூட்டம். எபிக்கு லேசாக ஜுரம். துரை பையனை அனுப்ப மறுத்துவிட்டான். ஞானஜோதி தனியாகப் போய், தொண்டை கட்டுகிறவரை கூட்டத்தோடு கத்தி அழுதாள். சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, மழையில் நனைந்து வீட்டு வாசலுக்கு வந்தாள்.

கொல்லைப்புறத் தாழ்வாரத்திலிருந்து ஒரு குழந்தையின் பேச்சு கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்தாள்.

"அப்பா, தவள. குதிச்சிச்சி."

"ஆமாண்டா. அப்பால இன்னா ஆச்சு?" தினமும் கேட்கிற பேச்சு போலத்தான் துரை பதில் சொன்னான்.

"தண்ணில பூட்ச்சி."

ஞானஜோதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஓடிப்போய்ப் பையனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எபி! அம்மா சொல்லு! என் ராஜா, ஒரே ஒரு தரம், அம்மா சொல்லு!"

எபி உதடுகளை இறுக்கிக்கொண்டான்.

"வுடு ஜோதி. வுட்டுடு."

அவள் விடவில்லை. மறுநாளே சபை மக்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, நடுவில் பையனை நிறுத்திப் பேசச் சொன்னாள். எபி நின்ற இடத்திலேயே டிராயரை நனைத்துக்கொண்டான்.

பேச்சு நிற்கவில்லை. அப்பாவிடம் பேசினான், பக்கத்து வீட்டுக் கிளியம்மாளிடம் பேசினான், பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயரெடுத்தான். அம்மாவிடம் மட்டும் வெகுநாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் திக்கித் திக்கி. மீசை அரும்பிய பிறகும், அவளிடம் ஒன்றைச் சொல்லுமுன் அவள் உதடுகளைப் பார்ப்பான். வாசலில் நண்பர்களோடு அவன் சிரித்துப் பேசுவதை அடுப்படியில் நின்று கேட்பாள். தண்ணீர்ச் சொம்போடு அவள் போனால் பேச்சு நின்றுவிடும்.

"அன்னிக்கு நான் எங்கயும் போகாம உங்க பக்கத்துல உக்காந்திருக்கலாம்" என்றாள் ஒருநாள்.

"ஆண்டவர் உனக்கும் சேத்துத்தான் குடுத்தாரு, ஜோதி" என்றான் துரை.

தொண்ணூற்றொன்பதில் எபிக்குத் திருச்சி பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. தாம்பரத்தில் வண்டி புறப்படும் நேரம், ஜன்னல் வழியே அப்பாவிடம் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா... நீ... நீ வந்து..."

அவன் முகம் சிவந்தது. மீதியை எடுத்துக் கொடுக்க அவள் வாய் துடித்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்திருக்கிறாள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, காத்திருந்தாள்.

வண்டி நகர்ந்துவிட்டது. அவன் என்ன சொல்ல வந்தான் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

"போலாமா?" என்றான் துரை.

"கொஞ்ச நேரம் இருக்கலாங்க."

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து கண்களை மூடினாள். ஆண்டவரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. எதுவும் கேட்காமல் அழுதுகொண்டிருந்தாள்.