எட்டும் மூன்றும்

அண்ணன் பிளக்கைப் பிடுங்கக் கை வைத்தார். தம்பியின் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாம் அத்தான். இன்னும் ஒம்பது நாள்ல முடிஞ்சிரும். நிறுத்தினா முதல்லேருந்து ஓட்டணும்."

"ஐஸ் பெட்டிக்கு வேற பாயின்ட் இல்லம்மா. உன் மகள் நாளைக்குத்தான் வர்றா. அதுவரைக்கும் அவன் இப்படியே கிடக்கணுமா?"

வீட்டில் அவ்வளவு கரன்ட் தாங்கும் பாயின்ட் அது ஒன்றுதான். பதினான்கு மாதமாக அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது விழுந்து செத்த தம்பி ஒரு லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவனுக்குப் பெயர் ‘நம்பர்’. குடும்ப மானத்தை வாங்கக் குடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை, இப்படியும் வாங்கலாம் என்பது அண்ணனின் கருத்து.

"அப்படி என்னத்தக் கிழிக்குது இது?"

"இத்தனை ரெண்டைப் போட்டு ஒண்ணோடொண்ணு பெருக்கி, அதுல ஒண்ணைக் கழிச்சா ஒரு எண் வருமாம். அது எதாலயும் வகுபடாத பகா எண்ணான்னு பாக்குது. ஆனா எத்தனை ரெண்டோ, அந்த எண்ணே பகா எண்ணா இருக்கணும், இல்லேன்னா மொத்தமும் வீண்ணு சொல்வார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கிடைச்சா அண்ணன்கிட்டதான் முதல்ல காட்டுவேன்னார்."

அண்ணன் திரையைப் பார்த்தார். எத்தனை ரெண்டு என்ற இடத்தில் 814035213. தேர்வு அலுவலகத்தில் முப்பது வருடம் பதிவெண்களைச் சரிபார்த்த உதடு இலக்கங்களைத் தானாகக் கூட்டியது. இருபத்தேழு. மூன்றால் வகுபடும். நான்காம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

மேசையில் அவன் நோட்டு விரிந்து கிடந்தது. அதே எண், ஐந்தாவது இலக்கம் மட்டும் எட்டு. இடது பக்கம் மூடாத எட்டு, மூன்றைப் போலவே. அதற்காகச் சின்ன வயதில் அவன் முட்டியில் ஸ்கேலால் அடித்தவரே அவர்தான். தான் எழுதிய எட்டைத் தானே மூன்றென்று படித்துத் தட்டியிருக்கிறான், தடிமாடு.

ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த தங்கை புருஷன் குரல் கொடுத்தான். "என்ன மச்சான், நம்பரு பொறந்தாச்சா? ஆணா, பொண்ணா?"

வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவனைக் கோமாளின்னு சொல்ல நான் இருக்கேன் மாப்ள. மூணாம் வாய்ப்பாட்டுக்கே மூச்சு வாங்குற ஆளு நீங்க. பேசாம பெட்டியைப் பிடிங்க."

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"என்ன அத்தான் அது?"

"ஒண்ணுமில்ல. ஓடட்டும் அது."

தம்பிக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் பக்கத்து வீட்டுக்காரன். அறுபத்தெட்டு வயது வரை அண்ணன் எவன் வாசலிலும் எதையும் கேட்டு நின்றதில்லை. ஐஸ் பெட்டியோடு வந்த நீள வயரை அவிழ்த்துக்கொண்டே போய், அந்த வீட்டு மணியை அழுத்தினார்.

கதவு திறந்தது. அவர் பிளக்கை நீட்டினார்.