செவ்வந்திக்கு வேண்டிய இருட்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சான் ஹுவானிலிருந்து தலைநகருக்குப் போகும் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண், "பக்கத்து வீட்டு லைட்டு எரிஞ்சா என் செவந்தி எப்படி மொட்டு வைக்கும்?" என்று போனில் சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. பெயரும் நான் வைத்ததுதான்: எர்லிந்தா.

எர்லிந்தா சிறு வயதிலிருந்தே பூக்களை நேசித்—

(இல்லை. பூ மேல் அவளுக்குத் தனி ஆசை கிடையாது. சோளம் போட்டு அலுத்துப் போனவள், அவ்வளவுதான்.)

2

நிலம் கணவனின் அண்ணனுடையது. "பூவை அரைச்சா ரொட்டி தட்டப் போற?" என்று கேட்டவர், கடைசியில், "ஒரு போகம் பாரு. கல்லறைத் திருநாளுக்குப் பூக்கலைன்னா திரும்பச் சோளம்தான்" என்றார்.

செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். செடி உயரட்டும் என்று முதலில் எல்லோரும் கொல்லையில் இரவெல்லாம் பல்பு எரியவிடுவார்கள். பிறகு அணைத்தால் மொட்டு வைக்கும். எர்லிந்தாவும் அணைத்தாள். கொல்லை இருளவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் மர்செலினா வீட்டு வாசல் விளக்கு பட்டப்பகலாய் எரிந்தது.

(கறுப்புத் தார்ப்பாய் கட்டலாமே என்பீர்கள். இரண்டாம் வரைவில் கட்டினேன். பூ பூத்தது, கதை படுத்துவிட்டது.)

3

"அக்கா, ராத்திரி அந்த லைட்டை..."

"அதுக்கு என்ன?"

"செவந்தி பகல்னு நெனச்சிருது. தூங்கினாத்தான் மொட்டு வைக்கும்."

"பூவுக்குத் தூக்கம் வேணுமாம்! எனக்கு வருதாடி?"

மர்செலினாவின் மகன் வில்மெர் பிழைப்புத் தேடி வடக்கே, எல்லை தாண்டிப் போனவன். பாலைவனத்தைக் கடக்கும் முன் ஒருமுறை போனில் பேசினான். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அன்றிலிருந்து விளக்கு எரிகிறது.

"வராதவனுக்கு எதுக்குக்கா விள—" (அடித்துவிட்டேன். எர்லிந்தா அப்படிப் பேசுகிறவள் இல்லை. நான்தான் அப்படிப்பட்டவன்.)

"மன்னிச்சுக்கக்கா" என்று திரும்பினாள்.

4

முடிவுகள்.

அ. போன் மணி அடிக்கிறது. வில்மெர். எனக்கு ஒரு வரி வேலை. ஆனால் வெட்கமாக இருக்கிறது.

ஆ. எர்லிந்தா கல்லெடுத்து பல்பை உடைக்கிறாள். மர்செலினா மறுநாளே புதிது மாட்டுவாள்.

இ. மர்செலினாவே வேலிக்கு வருகிறாள்.

"இன்னைக்கு அணைச்சிர்றேன். உன் பொழப்பைக் கெடுக்கலை. ஆனா ஒண்ணு. அறுத்ததும் எனக்குன்னு ஒரு கட்டு தூக்கிட்டு ஓடியாருவ, உன் கொணம் தெரியும். கொண்டாராத. செத்தவங்களுக்குப் பூ வைக்கிற அந்தத் திருநாளுக்கு என் வீட்டுக்குள்ள பூ வரக் கூடாது."

"சரிக்கா" என்றாள் எர்லிந்தா.

பொழுது சாய்ந்துவிட்டது. எர்லிந்தா செடிகளுக்கு நடுவே நிற்கிறாள். மர்செலினா வாசற்படியில் சுவிட்சில் கை வைத்துவிட்டாள். ஒரு விளக்கை அணைத்தால் பிள்ளை செத்ததாகிவிடாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அடுத்த வரி எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால், நீங்கள் அணையுங்கள்.