பால் பரிசோதகரின் புகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், அதாவது ஜப்பான்காரன் இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று என்று எழுதச் சொன்ன ஆண்டில், பினாங்கில் அம்பிகைபாகனின் மோட்டார் சைக்கிள் விட்ட புகை கலையாமல் தெருவிலேயே நின்றது. அரிசி கண்ணில் படாத, மரவள்ளிக்கிழங்கு வாரத்துக்கு வாரம் விலை ஏறிய மாதம் அது. காற்றும் மழையும் அந்தப் புகையை ஒன்றும் செய்யவில்லை. அவர் போன வழியெல்லாம் ஆள் உயரத்தில், துணி காயப்போடும் கொடி போல் நீண்டு கிடந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் அம்பிகைபாகன் பால் பரிசோதகர். இருபது வருடம் பால்காரர்களின் செம்பில் கண்ணாடிக் குழாயை விட்டுத் தண்ணீரைக் கண்டுபிடித்தவர். வெள்ளைக்காரன் ஓடிய மறுநாளே, ஜப்பான்காரனுக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டார். குனிந்த முதுகுக்கு வேலை கிடைத்தது. சயாமில் ரயில் பாதை போடத் திடமான ஆண்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுத வேண்டும். ரேஷனுக்குத் தலை எண்ணுவதாகச் சொல்லி வாசலில் நின்று எழுதுவார். இரண்டு நாள் கழித்து லாரி வரும். சயாமுக்குப் போனவர்களிடமிருந்து கடிதம் எதுவும் வந்ததில்லை. இந்தப் புண்ணிய காரியத்துக்காக அவருக்கு ஒரு வண்டியும் கொடுத்தார்கள். அக்கரையில் பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்துத் துரை தப்பி ஓடும்போது படகுத்துறையில் சாய்த்துவிட்டுப் போன பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்.

அந்த வகை வண்டிக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கலப்படத்தைப் பிடித்த கை கலப்படம் செய்யாது என்று அவர் மறுத்துவிட்டார். ஆளைப் பிடித்துக் கொடுப்பதில் அந்தக் கைக்கு ஆட்சேபணை இல்லை. சுத்தமான பெட்ரோலை ஊற்றிக்கொண்டு நாலு மைல் போனார். ஐந்தாவது மைலில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது, பின்சக்கரம் நின்றது, அம்பிகைபாகன் சாக்கடையில் கிடந்தார். ஜார்ஜ் டவுனில் ஜனங்கள் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார்கள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்துல் ரசாக் பட்டறை வைத்திருந்தார். பட்டறையின் பரணில் அவருடைய தம்பி நூர் முகம்மது ஒளிந்திருந்தான். இருபத்திரண்டு வயது, நல்ல தோள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்பிகைபாகனுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

"எண்ணெய் இல்லாம ஓட்டுனா இப்படித்தான் ஆகும்லா, ஐயா," என்றார் ரசாக்.

"என்ர கையால நான் கலக்கமாட்டன். தினமும் காலையில நீர் கலந்து தாரும். வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி ஓடாட்டி, உம்மட தம்பி பேரைத்தான் முதல்ல எழுதுவன்."

வண்டி ஓடினால் ஊரார் பிள்ளைகள் போவார்கள், ஓடாவிட்டால் தம்பி போவான். ரசாக் தம்பியை நினைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். சிலிண்டரில் மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டிப் பிஸ்டனை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் உருகி இழுபட்டிருந்தது, வளையங்கள் உடைந்திருந்தன. புதிது வாங்க உலகத்தில் கடை இல்லை. அவர் மனைவி நூர் பீவி, சோறில்லாத வீட்டில் சோற்றுப் பானை எதற்கு என்று அலுமினியப் பானையைக் கொண்டுவந்து போட்டாள். அதை உருக்கி மணல் அச்சில் வார்த்து, அரத்தால் ராவிப் பிஸ்டன் செய்தார். பழைய இரும்புக் குழாயில் வளையம் வெட்டினார். என்ஜின் எண்ணெய் கிடைக்காததால் பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தார். வியாழக்கிழமை வண்டி ஓடியது. வெள்ளையாகப் புகை வந்தது, பலகாரம் சுடும் வாசனையோடு.

அந்தப் புகை கலையாததைப் பசித்தவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். அதன் கீழே நின்று மூக்கால் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் கற்பூரம்கூடக் கொளுத்தினார்கள். நின்ற வண்டியை மறுபடி உதைத்துக் கிளப்ப அம்பிகைபாகனுக்குச் சோம்பல். ஆகவே பேர் எழுதும்போது என்ஜினை அணைக்கமாட்டார். அந்த வாசல்களில் மட்டும் புகை தூணாகத் திரண்டது. இரண்டு நாள் கழித்து லாரி வந்து, தூண் நின்ற மூன்று வீடுகளிலிருந்து பதினோரு பேரை ஏற்றிப் போனது. அதன் பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது. அந்தப் பதினோரு பேரையும் ரசாக்குக்குத் தெரியும். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவர் எட்டுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்தார். புகை படகுத்துறையிலிருந்தே தெரிந்தது. வாசலில் தூண் எழும்பிய வீட்டு ஆண்கள் அன்றைக்கே படகேறி, அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ரப்பர் காட்டுக்குள் போய்விட்டார்கள். லாரி வந்தபோது கிழவர்களும் பூனைகளும்தான் இருந்தார்கள். அம்பிகைபாகன் புகையைப் பார்க்காமல் இல்லை. பெரிய உத்தியோகஸ்தனுக்குப் பின்னால் ஏதாவது வரத்தான் செய்யும் என்று அதையும் மரியாதையில் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது முறையும் லாரி காலியாக நின்றபோது, அதோடு வந்த ஜப்பான் சார்ஜன்ட் பட்டியலைக் கிழித்துப் போட்டார். அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது, கண் இருந்தது. முதல் நாள் ஆள் கிடைத்தது புகை திரண்ட இடத்தில். எனவே புகை எங்கே அதிகமோ அங்கே போகச் சொன்னார். தினமும் மூன்று தடவை வந்து போன அம்பிகைபாகனின் வீட்டு வாசலில்தான் அது மாடி உயரத்துக்குத் திரண்டிருந்தது. உள்ளே ஜார்ஜ் டவுனிலேயே நன்றாகச் சாப்பிட்ட ஆண் ஒருவர் இருந்தார். பட்டியல் ஆபீஸ் வழியாகவே வந்ததால் சார்ஜன்ட் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. புஜத்தை அமுக்கிப் பார்த்து ஏற்றினார்கள்.

லாரி பட்டறையைத் தாண்டும்போது அம்பிகைபாகன் கைகாட்டி நிறுத்தவைத்தார்.

"தம்பி, நான் ஆரெண்டு இவங்களுக்குச் சொல்லும்," என்றார் ரசாக்கிடம்.

ஜப்பான்காரன் லாரிகளைப் பழுதுபார்த்த வகையில் ரசாக்குக்கு அந்தப் பாஷையில் ஆறேழு சொற்கள் தெரியும். சார்ஜன்ட் அவரைப் பார்த்தார். ரசாக் கையைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்த என்ஜினை ஒப்படைக்கும்போது சொல்லும் இரண்டு சொற்களைச் சொன்னார்: நல்லது, ஓடும். லாரி கிளம்பியது.

அம்பிகைபாகன் திரும்பி வரவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். புகையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்து, "புகை, வெள்ளை, ஒன்று" என்று எழுதிக்கொண்டு போனார். நூர் முகம்மது பரணிலிருந்து இறங்கி, கல்யாணம் செய்து, காலியாகக் கிடந்த அம்பிகைபாகனின் வீட்டுக்கே குடிபோனான். வாசலில் கிடந்த புகையில்தான் தன் கைலியைக் காயப்போட்டான். மழை நாளில் காய நேரம் ஆகும்; மற்ற நாட்களில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.